ஜாமக்காரனின் வேலை: கையறு நிலையில் கர்த்தருக்குக் காத்திருப்பது எப்படி

‘காத்திரு’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘காத்து இரு’ என்று நிற்கும். காத்தல் என்பது காவல் செய்தல். இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொண்டு 130-ஆம் சங்கீதத்தின் 6-ஆம் வசனத்தை வாசித்தால், நாம் பலமுறை கேட்டுப் பழகிய வரி புதிதாக ஒலிக்கிறது. எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப் பார்க்கிலும் அதிகமாய்த் தன் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்கிறான் சங்கீதக்காரன். ஜாமக்காரனால் விடியலை ஒரு நிமிடம்கூட முன்னுக்கு இழுத்துவர முடியாது. அந்த வகையில் அவன் முற்றிலும் கையாலாகாதவன். ஆயினும் இரவு முழுவதும் அவனுக்கு வேலை உண்டு. வாசலைப் பார்க்க வேண்டும், உறங்கிவிடக் கூடாது, உறங்குகிறவர்களைக் காக்க வேண்டும், விடியல் வரும் திசையை மறந்துவிடக் கூடாது.

கிறிஸ்தவ வாழ்க்கையில் காத்திருப்பதைப் பற்றிய நம் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலந்துவிடுவதால் வருகின்றன. விடியலை வரவழைப்பது நம் வேலை என்று எண்ணும்போது ஜெபம் ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. எவ்வளவு அழுத்தினாலும் அசையாதபோது நம் விசுவாசத்தில்தான் குறை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். இரவில் நமக்கு வேலையே இல்லை என்று எண்ணும்போதோ காத்திருப்பு வெறும் கிடப்பாகிவிடுகிறது. தீராத நோய், முடியாத வழக்கு, கிடைக்காத வேலை, பிள்ளைக்காக ஏங்கும் வருடங்கள், வீட்டையும் விசுவாசத்தையும் விட்டு விலகிப்போன மகன் என்று எதன் முன்னால் நீங்கள் கைகட்டி நிற்க நேர்ந்தாலும், அந்த இரவில் செய்யத்தக்க காரியங்கள் எவை என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். விடியும் நேரத்தைச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லுகிறேன் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பதை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் தேவனிடம் கேட்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். இது எளிதாகத் தோன்றும். ஆனால் நெடுநாள் காத்திருந்தவர்களுக்கு இது கடினமான வேலை, ஏனென்றால் பல மாதங்களில் வேண்டுதல் ஒரு பொதுவான வேதனையாகக் கரைந்துபோயிருக்கும். ‘எல்லாம் சரியாக வேண்டும்’ என்று எழுத வந்தால் அதை அடித்துவிட்டு, எது சரியாக வேண்டும் என்று எழுதுங்கள். அதன் கீழே ஒரு கோடு போட்டு, இந்தக் காரியத்தைக் குறித்து தேவன் உண்மையாகவே வாக்குக் கொடுத்திருப்பது என்ன என்று எழுதுங்கள்.

கோட்டுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றாக இருப்பது அரிது. மேலே ஒரு வேலை, ஒரு சுகம், ஒரு திருமணம் இருக்கும். கீழே, “நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை” என்ற எபிரெயர் 13:5 இருக்கும். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்டால் கொடுக்கப்படும் என்ற யாக்கோபு 1:5 இருக்கும். எதுவும் நம்மைக் கிறிஸ்துவின் அன்பை விட்டுப் பிரிக்கமாட்டாது என்ற ரோமர் 8-ஆம் அதிகாரத்தின் முடிவு இருக்கும். மேலே உள்ளதைக் கேட்பதில் தவறே இல்லை. தாராளமாகக் கேட்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கலாம். ஆனால் பாரம் தாங்கும் தூண் கீழே உள்ளதுதான். தேவன் கொடுக்காத ஒரு வாக்கின்மேல் நம்பிக்கையைக் கட்டியவர், அது நிறைவேறாதபோது தேவனே பொய்யாகிவிட்டதாக உணர்கிறார். அப்படி உடைந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யாரோ ஒருவர் அவர்களுக்குத் தவறான தூணைக் காட்டியிருந்தார்.

இதற்கு எரேமியா 29:11-ஐவிடச் சரியான உதாரணம் கிடைக்காது. நம்மைக் குறித்துத் தேவன் நினைத்திருப்பவை சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனம் அடிக்கடி தனியாக எடுத்துச் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தின வசனம் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அதில் 70 வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதை வாசித்த நடுத்தர வயதுக்காரர் எவரும் தாம் எருசலேமுக்கு உயிரோடு திரும்புவோம் என்று எண்ணியிருக்க முடியாது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கர்த்தரின் பெயரால் சொல்லியிருந்தான். கேட்கச் சுகமாயிருந்த அந்த வார்த்தை பொய்யாயிருந்தது. மெய்யான வார்த்தையோ, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று சொன்னது. இந்த மாதத்துக்குள் உங்கள் காரியம் முடியும் என்று யாராவது உறுதியாகத் தேதி குறித்துக் கொடுத்தால், 28-ஆம் அதிகாரத்தையும் 29-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் வாசியுங்கள்.

கையில் இருப்பதை விடாதீர்கள்

நாம் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்று சொல்லும்போது அது பெரும்பாலும் முழு உண்மையாக இருப்பதில்லை. முக்கியமான ஒன்றைச் செய்ய முடியவில்லை. அதன் துயரத்தில் செய்யக்கூடிய சிறியவற்றையும் விட்டுவிட்டோம். அதே தாளின் மறுபக்கத்தில், இந்த வாரம் என் கையில் இருப்பவை எவை என்று எழுதுங்கள். மருந்தை நேரத்துக்கு எடுப்பது, மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது, இன்னொரு விண்ணப்பத்தை அனுப்புவது, மகன் எடுக்காவிட்டாலும் ஞாயிறுதோறும் ஒருமுறை அழைத்துப் பார்ப்பது. இவற்றைச் செய்வது அவிசுவாசம் என்று ஒரு போதனை அங்கங்கே உலவுகிறது. சிறையிலிருந்த யோசேப்பு, விடுதலையாகப்போகிற பானபாத்திரக்காரரின் தலைவனிடம், என்னை நினைத்துப் பார்வோனுக்கு அறிவியும் என்று கேட்டான். அவன் மறந்துபோனான், முழுதாய் இரண்டு வருஷம் கழிந்தது. கேட்டதற்காக யோசேப்பை வேதம் எங்கும் கண்டிக்கவில்லை. 17 வயதில் விற்கப்பட்டு 30 வயதில் பார்வோனுக்கு முன் நின்ற அவன், இடைப்பட்ட அந்த 13 வருஷங்களில் ஒரு வீட்டையும் ஒரு சிறைச்சாலையையும் ஒழுங்காக நிர்வகித்தான்.

செங்கடலின் முன்னால் மோசே ஜனங்களைப் பார்த்து, பயப்படாமல் நின்றுகொண்டு கர்த்தர் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள் என்றான். இரண்டே வசனம் தள்ளி, “நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு” என்கிறார் கர்த்தர். நிற்பதும் நடப்பதும் ஒரே அதிகாரத்தில், ஒரே நெருக்கடியில் கட்டளையிடப்பட்டிருக்கின்றன. கடலைப் பிளப்பது ஜனங்களுடைய பொறுப்பாக ஒருபோதும் இருக்கவில்லை. ஆனால் பிளந்தபின் அவர்களைத் தூக்கிச் செல்லவும் யாரும் வரவில்லை.

எழுதி முடித்தபின் மீந்திருப்பது, மெய்யாகவே உங்கள் கையில் இல்லாதது. அதற்கு யோசபாத் ராஜாவின் ஜெபம் இருக்கிறது: “நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை; ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது.” பெரிய படை ஒன்று வருகிறது என்று கேட்டு அவன் பயந்தான் என்பதை 2 நாளாகமம் 20-ஆம் அதிகாரம் மறைக்கவில்லை; பயத்தோடேயே தேவனைத் தேட ஒருமுகப்பட்டான். இதைவிட நேர்மையான ஜெபத்தை எனக்குத் தெரியாது. யோசனை எதுவும் தோன்றாத நாளில் இதை அப்படியே சொல்லலாம். அதோடு எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

புலம்பக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் நின்று பேசப் போகிறேன், ஏனென்றால் நம் சபைகளில் மிகக் குறைவாகக் கற்றுக்கொடுக்கப்படுவது இதுதான். துதிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், பரிந்துபேசக் கற்றுக்கொடுக்கிறோம், சாட்சி சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம். தேவனிடமே தேவனைக் குறித்து முறையிடுவது எப்படி என்று கேட்டால், அது பாவமல்லவா என்று திகைக்கிறோம். சங்கீதப் புத்தகமோ முறையீடுகளால் நிறைந்திருக்கிறது.

என் தாயார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில், இரவுகளில் நான் வெளியே நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் தலை நிமிரும்; பெயர் அழைக்கப்படாதபோது மறுபடி தாழும். மூன்றாவது இரவுக்குப்பின் என்னால் ஜெபிக்க முடியவில்லை. சொற்கள் வரவில்லை, வந்தவையும் எனக்கே போலியாகத் தோன்றின. கையிலிருந்த வேதாகமத்தில் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து, முதல் இரண்டு வசனங்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தேன். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” அந்த இரண்டு வசனங்களில் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. நான்காவது முறை வரும்போதுதான், நான் சொல்லத் துணியாததை வேதமே எனக்காகச் சொல்லிவிட்டிருக்கிறது என்பது புரிந்தது. அந்த இரவில் மூன்றாம் வசனத்துக்கு நான் போகவில்லை. போக வேண்டும் என்ற கட்டாயம் இருந்ததாகவும் தோன்றவில்லை.

பிறகு நிதானமாகப் படித்தபோது அந்தச் சங்கீதத்தின் அமைப்பைக் கவனித்தேன். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் முறையீடு. அடுத்த இரண்டில், நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், என் கண்களைத் தெளிவாக்கும் என்ற விண்ணப்பம். கடைசி இரண்டில், “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்ற அறிக்கை. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் சத்துரு போய்விட்டதாகவோ சூழ்நிலை மாறியதாகவோ ஒரு குறிப்பும் இல்லை. முறையிட்ட அதே வாய், அதே இடத்தில் இருந்துகொண்டே நம்பிக்கையை அறிக்கையிடுகிறது.

இந்த வடிவத்தை நீங்கள் உங்களுடையதாக்கிக்கொள்ளலாம். முதலில் தேவனை நேராக அழையுங்கள். அவரைப் பற்றி மற்றவரிடம் குறைகூறுவதற்கும் அவரிடமே முறையிடுவதற்கும் உள்ள வேறுபாடு இந்த விளிப்பில்தான் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள். தாவீதோ முகத்துக்கு முகம் கேட்டான். அடுத்து, வலிப்பதை அலங்காரமில்லாமல் சொல்லுங்கள். ‘இந்தச் சோதனைக்காக ஸ்தோத்திரம்’ என்று தொடங்கத் தேவையில்லை. பிறகு, வேண்டுவதைக் கேளுங்கள். கடைசியில், உங்களால் இன்றைக்கு உண்மையாகச் சொல்ல முடிகிற அளவுக்கு மட்டும் நம்பிக்கையைச் சொல்லுங்கள். அது “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன் கதறியதுபோல அரைகுறையாக இருந்தாலும் போதும். அந்தத் தகப்பனின் மகன் சுகமானான். அவனுடைய விசுவாசம் முழுமையாகும்வரை இயேசு தள்ளிப்போடவில்லை.

அந்தக் கடைசிப் பகுதிகூட வராத நாட்கள் உண்டு. அதற்காகவே 88-ஆம் சங்கீதம் வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் திருப்பமே இல்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. ஆனாலும் அது “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்று தொடங்குகிறது. அப்படி ஒரு பாட்டு ஆராதனைப் புத்தகத்தில் இடம்பெற்றிருக்கும்போது, உங்களுடைய இருண்ட ஜெபத்துக்கும் அங்கே இடம் உண்டு.

ஒரு நாளுக்கு ஒரு நாளின் அளவு

வனாந்தரத்தில் மன்னா ஆளுக்கு ஒரு ஓமர் என்ற அளவில் நாள்தோறும் பெய்தது. மறுநாளுக்கென்று வைத்திருந்தது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரட்டிப்பு. காத்திருக்கும் பெலனும் இப்படித்தான் தரப்படுகிறது. அடுத்த வருடமும் இதே நிலை என்றால் எப்படித் தாங்குவேன் என்று இன்றிரவு கேட்டால் பதில் கிடைக்காது, ஏனென்றால் அடுத்த வருடத்துக்கான ஓமர் இன்னும் பெய்யவில்லை. ஆகவே ஜெபத்தின் எல்லையைச் சுருக்குங்கள். காலையில், மாலை வரைக்குமான பெலனை மட்டும் கேளுங்கள். மாலையில், விடியும் வரைக்குமானதைக் கேளுங்கள். மிக மோசமான நாட்களில் அடுத்த ஒரு மணி நேரத்துக்குக் கேளுங்கள். இதைச் சொல்வது எளிது. மனம் எதிர்காலத்துக்கே ஓடும். ஓடும் ஒவ்வொரு முறையும் அதை இழுத்துவந்து இன்றைக்குள் உட்கார வைப்பதே ஜாமக்காரனின் காவல் வேலைகளில் பாதி.

உடலை மறந்துவிடாதீர்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட எலியாவுக்கு தேவன் முதலில் பிரசங்கம் அனுப்பவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் அனுப்பினார். அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாவது முறையும் எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்றான். கேள்விகளும் மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான் வந்தன. உறக்கமில்லாமல், உண்ணாமல், முழு இரவு ஜெபத்தையும் உபவாசத்தையும் அடுக்கிக்கொண்டே போகிற ஒருவருக்கு, சில சமயம் நான் கொடுக்கும் ஆவிக்குரிய ஆலோசனை, இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்பதே.

எலியாவைப் போல உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வருமானால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ செல்லுங்கள். அது விசுவாசக் குறைவு என்று எவர் சொன்னாலும், அவருக்குச் சூரைச்செடியின் கீழ் நடந்தது தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பேடு வைத்திருப்பது நல்லது. தேதியிட்டு, கேட்டதைச் சுருக்கமாக எழுதுங்கள். பதில் வந்த சிறிய காரியங்களையும் எழுதுங்கள். நம் நினைவு துயரத்தின் பக்கம் சாய்ந்தது, தானாக விட்டால் வராதவற்றை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கும். 77-ஆம் சங்கீதத்தில் ஆசாப், தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்று கேட்டுக்கொண்டே வந்து, கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன் என்று தீர்மானிக்கிறான். தீர்மானித்து நினைக்கிறான் என்பதைக் கவனியுங்கள். அது தானாக நினைவுக்கு வரவில்லை.

குறுக்குவழியின் அடையாளங்கள்

ஆபிராம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவனுக்கு 75 வயது. இஸ்மவேல் பிறந்தபோது 86. ஈசாக்கு பிறந்தபோது 100. வாக்களிக்கப்பட்ட பிள்ளைக்காகக் கானானில் 10 வருடம் காத்திருந்தபின் வந்த யோசனைதான், மனைவியின் அடிமைப்பெண்ணான ஆகார் மூலம் பிள்ளை பெறுவது. அந்தக் காலத்து வழக்கத்தின்படி அது நியாயமான ஏற்பாடு. யாரும் அதைப் பாவம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். குறுக்குவழிகளில் ஆபத்தானவை இப்படிப்பட்டவைதான். அதன் விலையைக் கொடுத்தவர்களில் ஆகாரும் அவள் பிள்ளையும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது; நம் அவசரத்தின் செலவு நம் கணக்கில் மட்டும் எழுதப்படுவதில்லை.

சவுலின் கதை இன்னும் குறுகியது. சாமுவேல் குறித்த ஏழு நாட்கள் கழிந்தன, அவன் வரவில்லை, பெலிஸ்தர் கூடிவிட்டார்கள், 3000 பேராயிருந்த படை சிதறிக் கடைசியில் 600 பேர் மீந்தார்கள். சாமுவேல் வந்து செலுத்தவேண்டிய பலியைச் சவுல் தானே செலுத்தினான். செலுத்தி முடிகிறபோது சாமுவேல் வந்து நின்றான். சவுலின்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதல்ல. ஆனாலும் அவன் விளக்கத்தைக் கேளுங்கள்: ஜனங்கள் சிதறினார்கள், நீர் வரவில்லை, எதிரி கூடிவிட்டான், ஆகவே துணிந்து செய்தேன். மூன்று காரணங்களும் உண்மை. மூன்றும் பயத்திலிருந்து வந்தவை.

ஒரு வாய்ப்பு தேவன் திறந்த வாசலா, நம் பொறுமை தீர்ந்ததால் நாம் உடைத்த சுவரா என்று அறிய ஒரே நொடியில் வேலைசெய்யும் சோதனை கிடையாது. எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். இந்த முடிவை நான் மதிக்கும் இரண்டு முதிர்ந்த விசுவாசிகளிடம் முழுவதும் சொல்ல முடியுமா, அல்லது சில விவரங்களை விட்டுவிட்டுத்தான் சொல்வேனா? பத்து நாள் தள்ளிப்போட்டால் இது கெட்டுவிடுமா, அல்லது தள்ளிப்போடுவதுதான் எனக்குத் தாங்கவில்லையா? எரேமியாவே ஒருமுறை கர்த்தரின் பதிலுக்குப் பத்து நாள் காத்திருந்தான். இது நடக்க வேறொருவர் ஏமாற்றப்படவோ நசுக்கப்படவோ வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு இரவு பதினொரு மணிக்குப் பதில் தேடாதீர்கள்; காலையில் தேடுங்கள்.

உடன் காத்திருப்பவர்கள்

யுத்தம் நடக்கையில் உயர்த்தியிருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவனும் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, இருபுறமும் கைகளைத் தாங்கினார்கள். உங்களுக்கும் அப்படி இரண்டு பேர் போதும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. விசாரிக்கிறவர்களிடம், இன்னும் பதில் வரவில்லை, ஜெபியுங்கள் என்று முடித்துக்கொள்ளலாம்.

நீங்கள் தாங்குகிறவர் பக்கத்தில் இருந்தால், யோபுவின் நண்பர்களைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியபிறகுதான் எல்லாம் கெட்டது.

தாமதமும் அன்பும்

பெத்தானியாவிலிருந்து மார்த்தாளும் மரியாளும் தங்கள் சகோதரன் லாசருவைக் குறித்து இயேசுவுக்கு அனுப்பிய செய்தி ஒரே வரி: “ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்.” வாரும் என்றுகூட அதில் இல்லை. அவருடைய அன்பை நினைவூட்டி, தங்கள் நிலையைச் சொல்லி நிறுத்திவிட்டார்கள். என்ன கேட்பது என்று தெரியாதபோது இதைப் பின்பற்றலாம். உங்களுக்கு வேண்டியவரின் பெயரை அந்த இடத்தில் வைத்துச் சொன்னால் போதும்.

அதற்கு வந்த பதில் இரண்டு நாள் தாமதம். யோவான் 11-ல், இயேசு அவர்களிடத்தில் அன்பாயிருந்தார் என்று 5-ஆம் வசனம் சொல்லி முடிந்ததும், 6-ஆம் வசனத்தில் அவர் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்று வருகிறது. கிரேக்க மூலத்தில் இந்த இரண்டையும் ‘ஆகையால்’ என்ற சொல் இணைக்கிறது. அன்பாயிருந்தார், ஆகையால் தங்கினார். இதை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இடறுகிறது. இடறாமல் வாசிப்பவர் இன்னும் கல்லறை வாசலில் நின்றதில்லை என்றே நினைக்கிறேன். அவர் வந்தபோது லாசரு கல்லறையில் நாலு நாளாயிருந்தான்.

இரண்டு சகோதரிகளும் தனித்தனியே வந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாளோடு அவர் உயிர்த்தெழுதலைக் குறித்துப் பேசினார். மரியாளிடம் பேசவில்லை, கண்ணீர் விட்டார். சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப் போகிறவர் ஏன் அழுதார் என்று வேத அறிஞர்கள் பலவிதமாக விளக்குகிறார்கள். முடிவு நன்றாகவே இருக்கப்போகிறது என்பதற்காக, இடையில் இருக்கும் துயரத்தை அவர் அவசரப்பட்டுத் தாண்டிப்போகவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும்.

வராமலே போனால்

எல்லாக் கல்லறைகளும் திறக்கவில்லை. பவுல் தன் மாம்சத்தின் முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. கெத்செமனேயில் இயேசுவும் மூன்று முறை கேட்டார்; பாத்திரம் நீங்கவில்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டு, அவர்கள் எல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டதை அடையாமற்போனார்கள் என்று வெளிப்படையாகவே எழுதுகிறது. கேட்டது கிடைக்காததை விசுவாசக் குறைவின் சான்றாக எடுப்பவர்கள் இந்த மூன்றையும் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

நாம் கேட்கும் உருவத்தில் மறுக்கப்படுவது, கேட்பதன் உயிரில் கொடுக்கப்படுவதும் உண்டு. 383-ஆம் ஆண்டில், பின்னாளில் பெரிய சபைப் பிதாவான அகஸ்டின் கார்த்தேஜிலிருந்து ரோமுக்குக் கப்பலேறப் போனபோது, அவர் தாய் மோனிக்கா கடற்கரைவரை பின்தொடர்ந்து, போகாதே என்று அழுதார். மகன் விசுவாசத்துக்கு வெளியே இருந்தார். கண்ணுக்கு மறைந்தால் கைக்கும் தப்பிவிடுவார் என்பது தாயின் பயம். அகஸ்டின் பொய் சொல்லித் தாயை அருகிலிருந்த, இரத்தசாட்சி சிப்ரியானின் நினைவாலயத்தில் இரவு தங்கவைத்துவிட்டு, அவர் அங்கே ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே கப்பலேறினார். காலையில் கரை வெறுமையாயிருந்தது. அந்த இரவின் ஜெபம் அப்பட்டமாக மறுக்கப்பட்டதாகவே அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அந்தப் பயணம்தான் அகஸ்டினை மிலானுக்கும் அங்கே பேராயராயிருந்த அம்புரோஸின் பிரசங்கங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387-ஆம் ஆண்டின் உயிர்த்தெழுந்த பண்டிகையில் ஞானஸ்நானம் பெற்றார். மோனிக்கா அதே ஆண்டில் ஒஸ்தியாவில் மரித்தார். இதை உங்கள் காரியத்துக்கும் இப்படியே முடியும் என்ற உத்தரவாதமாக நான் சொல்லவில்லை. கரை வெறுமையாயிருக்கும் காலையில், கதை எங்கே நிற்கிறது என்று கரையிலிருந்து சொல்ல முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பதில் வரும் நாளில்

நெடுநாள் காத்திருந்தவர்களுக்குப் பதில் வந்த பின்பும் ஒரு விநோதமான தடுமாற்றம் உண்டு. கேட்பதற்குப் பழகிய மனம், பெற்றுக்கொள்ளத் தெரியாமல், இது நிலைக்குமா என்று அடுத்த பயத்தைத் தேடிப்போகும். குறிப்பேட்டை எடுத்து, முதல் தேதிக்கு எதிரே இன்றைய தேதியை எழுதுங்கள். உங்களைத் தாங்கிய இரண்டு பேரிடம் முதலில் சொல்லுங்கள். இன்னும் காத்திருக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் சாட்சி சொல்லும்போது, நான் இப்படி ஜெபித்தேன், அதனால் கிடைத்தது என்று சூத்திரம் கற்பிக்காதீர்கள்.

பிள்ளையில்லாத அன்னாள் சீலோவில் இருந்த ஆலயத்தில் அழுது விண்ணப்பம்பண்ணிவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டாள். அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 1 சாமுவேல் 1:18 சொல்கிறது. அப்போது அவள் கர்ப்பந்தரித்திருக்கவில்லை. பிள்ளை பிறந்து பால் மறந்தபின், கேட்டுப் பெற்றதை அதே இடத்துக்குக் கொண்டுவந்து ஒப்புக்கொடுத்தாள். அதன்பின் வருஷந்தோறும், அருகில் இல்லாத பிள்ளை இந்நேரம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று உத்தேசித்துத்தானோ என்னவோ, ஒரு சின்னச் சட்டையைச் செய்து, பலியிடப் போகும்போது எடுத்துக்கொண்டு போனாள்.